அருவியா, ஆறா, குளக்கரையா: தென்காசி, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் செலவில்லாத இரண்டு நாள்கள்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிப் பக்கம் வர நினைக்கும் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியோடுதான் புறப்படுகிறார்கள்: "அருவியில் தண்ணீர் விழுகிறதா?" விழுகிறது என்று பதில் வந்தால் வண்டியில் ஏறிவிடுகிறார்கள், வந்து சேர்ந்த நாளில் குளிக்கத் தடை விதித்திருந்தால், விடுதி அறையில் தொலைக்காட்சி பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடிவாரத்தில், செங்கோட்டையிலிருந்து சேரன்மகாதேவி வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டருக்கு வயலும் குளமும் தோப்புமாகக் கிடக்கும் இந்தப் பகுதியில், காசு கொடுக்காமல் திறந்தவெளியில் பொழுதைக் கழிக்க அருவியைத் தவிர இன்னும் நான்கு வழிகளாவது உண்டு. அவற்றுள் ஒன்றிரண்டு அருவியைக் காட்டிலும் நம்பத் தகுந்தவை. எதை, எந்த மாதத்தில், யார் தேர்ந்தெடுப்பது நல்லது என்று இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

செலவில்லாதது என்ற சொல்லை நான் கறாராகவே எடுத்துக்கொள்கிறேன். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் அகத்தியர் அருவியும் மணிமுத்தாறு அருவியும் எவ்வளவு அழகானவையாக இருந்தாலும், வனத்துறைச் சோதனைச் சாவடியில் கட்டணம் வாங்கிவந்த இடங்கள் என்பதால் இந்த ஒப்பீட்டில் இடம்பெறவில்லை. நுழைவு இலவசமாக இருந்தும் வண்டி நிறுத்தக் கட்டணம், ஆட்டோ வாடகை என்று வேறு வழியில் பையைக் கரைக்கும் இடங்களும் உண்டு. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்திருக்கிறேன். போக்குவரத்தைப் பொறுத்தவரை, திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாவூர்சத்திரம், தென்காசி வழியாகச் செங்கோட்டை வரை ஓடும் பயணிகள் ரயில் மொத்த வட்டாரத்தையும் மிகக் குறைந்த கட்டணத்தில் இணைத்துவிடுகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணம் இல்லை என்பதால், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலான 5 கிலோமீட்டர் போன்ற சிறு தொலைவுகளைப் பெண்கள் முழுக்கச் செலவின்றியே கடந்துவிடலாம்.

முதலில் அருவி. குற்றாலத்தின் பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய மூன்றிலும் குளிப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கேரளத்திலிருந்து நுழையும்போது, பெரும்பாலான மழையை மலையின் மேற்குப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, எஞ்சிய ஈரத்தை மட்டும் பூத்தூறலாக இந்தப் பக்கம் கொண்டுவருகிறது. அதைத்தான் உள்ளூரில் சாரல் என்கிறார்கள். வெயிலும் தூறலும் குளிர்காற்றும் ஒரே நேரத்தில் மேலே படும் அந்தச் சுகத்துக்கு ஈடாகச் சொல்வதற்கு இந்த வட்டாரத்தில் வேறொன்றும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பேரருவியில் உயரத்திலிருந்து விழும் தண்ணீர் நேரே தலையில் இறங்குவதில்லை. நடுவில் பொங்குமாகடல் என்னும் பாறைப் பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் குளிப்பவர் மேல் வருகிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் அங்கே ஒருவரும் நிற்க முடியாது. ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பகுதிகளில் குளிக்கலாம். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதற்குத் தடை உண்டு.

ஆனால் அருவி அன்றன்றைய மழையை நம்பியிருப்பது. குற்றாலத்தில் அருவியாக விழும் சிற்றாற்றின் நீர்ப்பிடிப்பு மலையில் பெரிய தேக்கம் எதுவும் இல்லாததால், மேலே மழை பெய்தால் சில மணி நேரத்திலேயே கீழே வெள்ளம் வந்துவிடுகிறது. இரண்டு வாரம் மழை பொய்த்தால், ஆடி மாதமாகவே இருந்தாலும் பாறையில் நூல்போலத்தான் தண்ணீர் வழிகிறது. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டத் தொடங்கினால் அபாயச் சங்கு ஒலிக்கும். அனைவரையும் வெளியேற்றிவிட்டுத் தடை விதிப்பார்கள். அந்தத் தடை இரண்டு மணி நேரத்தில் நீங்கவும் கூடும், இரண்டு நாள் நீடிக்கவும் கூடும். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைப் பறித்த பிறகு, காவல்துறையின் எச்சரிக்கையை வெறும் கெடுபிடி என்று யாரும் முணுமுணுக்க முடியாது. சங்கு ஒலித்த பிறகும் "இன்னும் ஒரே ஒரு முறை" என்று நிற்பவர்களை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கலாம். அவர்களுக்கு அந்த மலையைத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

கூட்டம் இன்னொரு செலவு. சனி, ஞாயிறுகளில் பேரருவிக்குக் கீழே இடம் கிடைப்பதற்கு வரிசையில் நின்று, ஐந்து நிமிடம் நனைந்து, பின்னால் நிற்பவர் தள்ளுவதால் வெளியே வந்துவிட வேண்டும். சீசனில் அறை வாடகை ஏறும், வண்டி நிறுத்தக் காசு கேட்பார்கள், துணி மாற்றும் அறைக்கும் கேட்பார்கள். இலவசமாகக் குளிக்கப் போனவர் மாலையில் கணக்குப் பார்த்தால், கட்டணம் கட்டிக் குளிக்கும் இடத்துக்கே போயிருக்கலாம் என்று தோன்றும். இதற்கு ஒரே மாற்று, வார நாளில் விடியற்காலையில் போவது. ஐந்தரை மணிக்கு முன்பே ஐந்தருவியில் நின்றால், தண்ணீரும் குளிரும் குரங்குகளும் மட்டும்தான் துணை. குரங்குகள் பையைத் திறக்கக் கற்றவை என்பதால், துணிக்கு ஓர் ஆளைக் காவல் வைப்பது நல்லது.

இனி ஆறு. தாமிரபரணியில் குளிப்பதை ஒரு சுற்றுலா நிகழ்ச்சியாக யாரும் விளம்பரப்படுத்துவதில்லை; அதுவே அதன் முதல் நன்மை. பாபநாசம், விக்கிரமசிங்கபுரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, திருப்புடைமருதூர், சேரன்மகாதேவி என்று வரிசையாக எல்லா ஊர்களிலும் படித்துறைகள் இருக்கின்றன. ஊர் மக்கள் குளிக்கும் இடத்தில் வெளியூர்க்காரரும் குளித்துவிட்டு வரலாம். அருவிக்கும் ஆற்றுக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு தண்ணீர் எங்கே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. தாமிரபரணிக்கு மேலே 143 அடி உயரப் பாபநாசம் அணையும், அதன் அருகே சேர்வலாறு அணையும், துணையாற்றில் 118 அடி மணிமுத்தாறு அணையும் நிற்கின்றன. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே அந்த அணைகளை நிரப்புகின்றன. ஜூன் மாதம் தொடங்கும் கார் நெல் சாகுபடிக்கும், ஐப்பசியில் தொடங்கும் பிசானச் சாகுபடிக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் திறக்கிறார்கள், குடிநீருக்காகவும் திறக்கிறார்கள். அதனால் மலையில் பத்து நாள் மழை இல்லாவிட்டாலும், ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும் நாள்கள் ஆண்டில் பல மாதங்களுக்கு உண்டு. குற்றாலத்தில் பாறை காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியிலும் அம்பாசமுத்திரத்தில் முழுக்குப் போடலாம்.

எல்லாப் படித்துறையும் ஒன்றல்ல. பாபநாசத்தில் மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிந்தும் குளிர்ந்தும் இருக்கும். ஆனால் பாபநாசநாதர் கோயிலுக்குப் பரிகாரத்துக்காக வருபவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கத்தால், படிக்குக் கீழே கால் வைத்தால் சேலை சுற்றிக்கொள்ளும் நிலை இருக்கிறது. லாரி லாரியாகத் துணியை அள்ளி வெளியேற்றியும் தீராத சீர்கேடு அது. பாவத்தைத் தொலைக்க வந்த இடத்தில் ஆற்றுக்குப் பாவம் செய்வது என்ன கணக்கோ தெரியவில்லை. எனக்குப் பிடித்தது அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் இடைப்பட்ட கரை. பாலத்தின்மேல் நின்று மேற்கே பார்த்தால் பொதிகை மலை முழுவதும் தெரியும். காசிபநாதர் கோயில் பக்கமுள்ள படித்துறையில் காலை ஏழு மணிக்கு வேட்டி துவைப்பவர், நீச்சல் பழகும் சிறுவர்கள், நீரில் நின்றபடி செய்தித்தாளில் வந்ததை விவாதிக்கும் பெரியவர்கள் என்று ஊரே வந்து போகும். அருவியில் முன்பின் தெரியாத இருநூறு பேருக்கு நடுவே தனியாக நனைகிறோம், இங்கே பத்து நிமிடத்தில் "எந்த ஊர்?" என்று கேட்டுவிடுவார்கள்.

ஆற்றங்கரையில் குளிப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. மலையிலிருந்து கடல் வரை தாமிரபரணியின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் ஆகிய முதல் மூன்றும் இந்த வட்டாரத்திலேயே வருகின்றன. ஆற்றில் வரும் நீரைப் பக்கத்துக் கால்வாய்க்குத் திருப்பிவிடுவதற்காக அமைந்த தாழ்வான கற்கட்டுகள் இவை. கால்வாய்க் கரையோடு காலை நேரத்தில் மூன்று, நான்கு கிலோமீட்டர் நடந்தால், ஒரு பக்கம் ஓடும் நீர், இன்னொரு பக்கம் நாற்றங்கால், தொலைவில் மலை என்று நடை முடிவதே தெரியாது. முதியவர்களால் அருவிப் பாறையில் நிற்க முடியாது. ஆனால் கால்வாய்க் கரை சமதளமானது, மர நிழலும் உண்டு.

ஆற்றுக்கும் ஆபத்து உண்டு என்பதை மறைக்கக் கூடாது. படித்துறையைத் தவிர்த்து ஆளில்லாத கரையில் இறங்குவது தவறு. மணல் அள்ளியதால் உண்டான பள்ளங்கள் வெளியே தெரிவதில்லை. அணைக்கட்டின் மேலேயோ அதன் அடிச் சுழலிலோ நிற்கக் கூடாது. ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அணைகளிலிருந்து உபரி நீர் திறந்தால், ஆறு சிறிது நேரத்திலேயே உருமாறிவிடும். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் பெய்த மழையில் தாமிரபரணி கரைபுரண்டு ஊருக்குள் வந்ததை இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. அந்த மூன்று மாதங்களில் படித்துறையில் உள்ளூர்க்காரர் ஒருவரும் குளிக்கவில்லை என்றால், நாமும் இறங்கக் கூடாது. அருவியில் இருப்பதுபோல் இங்கே சங்கு ஒலிப்பதில்லை. ஊர்க்காரரின் நடத்தைதான் எச்சரிக்கைப் பலகை.

நனைய விருப்பம் இல்லாதவர்களுக்குப் பறவைகள். வீரவநல்லூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கடனாநதி தாமிரபரணியோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி ஆற்றங்கரையில் நிற்கும் பழைய மரங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அடைகின்றன. ஊர் மக்களே காத்துவந்த இந்தச் சிறு தோப்பு 2005இல் பறவைகள் பாதுகாப்பு ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அந்த வகையில் அறிவிக்கப்பட்ட முதல் இடம் இதுதான். பரப்பளவு மூன்று ஹெக்டேருக்கும் குறைவு என்பதால், பெயரைப் பார்த்துப் பெரிய சரணாலயத்தை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். மாலை ஐந்து மணிக்குப் படித்துறையில் அமர்ந்தால் போதும்; நான்கு திசைகளிலிருந்தும் கூட்டம் கூட்டமாக வந்து மரத்தில் இறங்கும் காட்சி இருட்டும் வரை நடக்கும். குளியல், கோயில், பறவை மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பதால், ஒரே ஒரு பிற்பகல் மட்டும் கையில் இருப்பவருக்கு நான் இந்த ஊரைத்தான் சொல்வேன்.

பறவைகளையே முதன்மையாக எண்ணி வருபவர் இன்னும் சற்றுத் தெற்கே நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் வரை போகலாம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற ஊர் அது. அங்கே சங்குவளை நாரைகள் குளத்து மரங்களில் மட்டுமல்லாமல், வீட்டுக் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. அவற்றுக்காக ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. குளிர்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகளும் வருகின்றன. ஆனால் அம்பாசமுத்திரத்திலிருந்து பேருந்து மாறி மாறிப் போக வேண்டியிருப்பதால், சொந்த வண்டி இல்லாதவருக்கு ஒரு முழு நாள் கரைந்துவிடும். அதைவிடத் தை மாதத்தில் வருபவர்கள், மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் நடத்திவரும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர்ந்துகொள்ளலாம். பறவை தெரிந்தவரோடு ஒரு நாள் முழுக்கக் குளம் குளமாகச் சுற்றும் வாய்ப்பு வேறு எங்கும் எளிதில் கிடைக்காது.

அடுத்தது மலையேற்றம். காட்டுக்குள் மலையேறுவது இந்த வட்டாரத்தில் வனத்துறை அனுமதி இல்லாமல் முடியாது. குற்றாலத்துக்கு மேலே காட்டுக்குள் இருக்கும் செண்பகாதேவி, தேனருவிப் பக்கம் திருட்டுத்தனமாகப் போவது சட்ட மீறல் மட்டுமல்ல, உயிருக்கும் ஆபத்து. அனுமதி தேவைப்படாத ஏற்றம் வேண்டுமென்றால், செங்கோட்டைக்கு அருகே பண்பொழியிலுள்ள திருமலைக்குமாரசுவாமி கோயில் குன்று இருக்கிறது. வண்டியில் மேலே போகப் பாதை உண்டு, அதற்குக் கட்டணமும் உண்டு. படியேறிப் போவதற்குக் காசில்லை. சில நூறு படிகளை முக்கால் மணி நேரத்தில் நிதானமாக ஏறிவிடலாம். மேலே நின்று பார்க்கும்போதுதான் இந்த நிலத்தின் அமைப்பு புரியும்: மேற்கே மலைச்சுவர், அதன் காலடியில் தென்னந்தோப்பு, அதற்குக் கிழக்கே ஒன்றுக்கொன்று மறுகால் பாயும் குளங்களின் சங்கிலி, நடுவே வயல்கள். காற்று ஆனி, ஆடியில் ஆளைத் தள்ளும். சிறு குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். நடை சாத்தும் உச்சிவேளையைத் தவிர்த்துக் காலையில் ஏறினால் வெயிலுக்கும் தப்பலாம்.

சூரியகாந்தி வயலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தென்காசிக்கு அருகே சுந்தரபாண்டியபுரம், சுரண்டை பக்கம் ஜூலை, ஆகஸ்டில் வயல்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். கேரளத்திலிருந்து வருபவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். விரிந்து முற்றிய சூரியகாந்திப் பூக்கள் சூரியனோடு சேர்ந்து திரும்புவதில்லை, கிழக்கு நோக்கியே நின்றுவிடும். ஆகவே மாலையில் போனால் பூவின் முகத்தில் வெயில் படாது, காலையில் போக வேண்டும். அது பூங்கா அல்ல, ஒருவருடைய வெள்ளாமை என்பதை நினைவில் வைத்து, வரப்போடு நின்றுகொள்வதுதான் முறை. உள்ளே இறங்கிப் படமெடுக்க வயலுக்காரர் காசு கேட்டால், மிதிபடும் செடிக்கு அது நியாயமான விலை. எப்படிப் பார்த்தாலும் அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே வேலை இல்லை. வேறெங்காவது போகும் வழியில் நின்று பார்க்கத்தான் தகும், அதற்காகவே பயணம் வரத் தேவையில்லை.

இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்த்தால், தேர்வு மாதத்தைப் பொறுத்தே அமைகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வருபவர், வார நாளாக இருந்தால், முதல் விடியலை ஐந்தருவிக்கோ பேரருவிக்கோ கொடுப்பதுதான் சரி. சாரலில் அருவிக்குப் போகாமல் திரும்புவது பிடிவாதமாகிவிடும். வார இறுதியில் மட்டுமே விடுப்புக் கிடைப்பவர் அருவியைத் தொலைவில் நின்று பார்த்துவிட்டு, குளியலுக்கு அம்பாசமுத்திரம் போய்விடலாம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நீரில் இறங்கும் எண்ணத்தையே ஒத்திவைத்து, மழை விட்ட நாளில் பண்பொழிக் குன்றும் மாலையில் தென்காசிக் கோயிலின் கோபுர வாசலில் வீசும் காற்றும் போதும் என்று இருந்துவிடுவது நல்லது. தை முதல் பங்குனி வரை பறவைக்கும் படித்துறைக்கும் உரிய காலம். செலவைக் குறைக்க நினைப்பவருக்கு உண்மையில் மிக மலிவான பருவமும் அதுதான்; அறை வாடகை இறங்கியிருக்கும், பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும், மிச்சமான காசு செங்கோட்டைக்கு அருகே பிரானூர் பார்டரில் கோழியும் புரோட்டாவும் சாப்பிடவும் போதுமானதாக இருக்கும்.

ஆள்களைப் பார்த்தும் சிறிது மாற்றிக்கொள்ள வேண்டும். வயதான பெற்றோரை அழைத்து வருபவர் பேரருவியின் வழுக்குப் பாறையைவிடக் கல்படி கட்டிய துறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அங்கேயே அமர்ந்து காலை நனைத்துக்கொண்டிருக்கலாம். நீச்சல் தெரியாத சிறுவர்களோடு வருபவர், தண்ணீர் அளவாக விழும் நாளில், ஆற்றைவிட அருவியில்தான் நிம்மதியாக இருப்பார், ஏனென்றால் அங்கே மூழ்கும் ஆழம் இல்லை. தனியாக வரும் பெண்களுக்கு, கூட்டமும் காவலும் பெண்களுக்கென்று தனிப் பகுதியும் இருக்கும் பேரருவி, பழக்கமில்லாத ஊரின் படித்துறையைக் காட்டிலும் வசதியாக இருக்கக்கூடும். படித்துறைதான் வேண்டுமென்றால், ஊர்ப் பெண்கள் துவைத்துக் குளிக்க வரும் காலை ஆறு முதல் எட்டு மணிக்குள் போவது உகந்தது.

எந்த மாதமானாலும் இரண்டு மாற்றுத் துணியும் ஒரு தேங்காய்ப்பூத் துண்டும் பையில் இருக்கட்டும். குற்றாலத்தில் காலையில் இறங்கியதும் சங்குச் சத்தம் கேட்டால், தடை எப்போது நீங்கும் என்று டீக்கடையில் காத்திருக்க வேண்டாம். அடுத்த பேருந்தில் தென்காசிக்குத் திரும்பி, திருநெல்வேலிப் பக்கம் போகும் ரயிலோ பேருந்தோ எது முதலில் வருகிறதோ அதில் ஏறி, அம்பாசமுத்திரத்தில் இறங்கிப் பாலத்துக்கு வழி கேளுங்கள். மலையில் வெள்ளம் என்றால் அங்கும் படித்துறைக்காரர்களைக் கேட்டுவிட்டே இறங்குங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், கன்னடியன் கால்வாய்க் கரை அங்கேதான் இருக்கிறது, நடக்கலாம்.